வீடு திரும்பும் சிறுவனுக்கு யார் துணை?

பதினாறு வயதுப் பையன் பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டாலும் சரி, பள்ளி வாசலில் சக மாணவனை வெட்டினாலும் சரி, அடுத்த இரண்டு நாட்களுக்கு ஊரெல்லாம் ஒரே பேச்சுதான். தண்டனையைக் கூட்டு, வயதைக் குறை, உள்ளே போடு. மூன்றாம் நாள் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. உள்ளே போனவன் வெளியே வரும் நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால், அவன் வந்துதான் ஆகவேண்டும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அதே தெருவுக்கு, அதே வீட்டுக்கு, அதே அம்மாவிடம் வருகிறான். அவன் மறுபடி உள்ளே போவானா மாட்டானா என்பது அந்த வீடு அவனை எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்த வீட்டுக்கு நாம் செய்யும் உதவி ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சட்டம் போட்ட பாதை

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அவரைக் கையாள இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இருக்கிறது. பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் அவரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். இந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

பிணையில் அனுப்புவதுதான் இங்கே பொது விதி. பிணை கிடைக்காதவர்கள் விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் இருப்பார்கள். தவறு செய்தது உறுதியானால் குழுமம் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம்; பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம்; அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். கொடுங்குற்றத்தில் சிக்கிய, 16 வயதைக் கடந்தவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கத் தனி நடைமுறை உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும்கூட, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையை இந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, போகிற எல்லோரும் ஒருநாள் திரும்பப் போகிறவர்கள்தான்.

எத்தனை பேர் என்று கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பிலோ ஐடிஐ பட்டறையிலோ இருக்க வேண்டிய வயது அது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. இந்திய மாகாணங்களில் இயற்றப்பட்ட முதல் குழந்தைகள் சட்டம் 1920-ன் மதராஸ் குழந்தைகள் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகே வந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்களை இல்லங்களில் வைத்துப் பழகிய நமக்கு, அவர்களைத் திருப்பி அனுப்பும் முறை மட்டும் இன்னும் கைகூடவில்லை.

முதல் சில வாரங்கள்

பையன் வந்துவிட்டான் என்று வீடு மூச்சுவிடுகிறது. அம்மா மீன் குழம்பு வைக்கிறாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, நான்கு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறான். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறான். இரவில் விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். விடிவதற்கு முன்பே விழித்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் இருக்கிறான்.

இதில் எதுவும் விசித்திரமில்லை. இல்லத்தில் எழுவதற்கும், வரிசையில் நிற்பதற்கும், சாப்பிடுவதற்கும், படுப்பதற்கும் மணி அடிக்கும். ஒரே கூடத்தில் பலர் படுக்கும் இடத்தில் இரவெல்லாம் விளக்கு எரியும். மெதுவாகச் சாப்பிட்டால் பக்கத்தில் இருப்பவன் கை தட்டுக்கு வரும். அங்கே பிழைத்துக் கிடக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே கோளாறாகத் தெரிகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது அங்கே தற்காப்பு. வீட்டில் அதற்குப் பெயர் திமிர்.

இதைவிடச் சிக்கலானது, பேசாமலே நடக்கும் மாற்றங்கள். பீரோ சாவி இதுவரை ஜன்னல் ஆணியில் தொங்கியது. இப்போது அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அவன் அறைக்குள் வந்தால் தங்கை எழுந்து போய்விடுகிறாள். எதிர்வீட்டுக்காரர், அவனோடு பேசிக்கொண்டிருக்கும் தன் மகனை உள்ளே கூப்பிடுகிறார். வீட்டில் இருநூறு ரூபாய் காணவில்லை என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால், எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்புகிறது. அவன் அதைப் பார்த்துவிடுகிறான். இந்த வயதுப் பிள்ளைகள் திட்டைத் தாங்கிக்கொள்வார்கள், சந்தேகத்தைத் தாங்கமாட்டார்கள்.

பல வீடுகளில் அப்பா பேசவே மாட்டார். வாரக்கணக்கில் அந்த மௌனம் நீளும். பிறகு ஒரு ராத்திரி, பெரும்பாலும் குடித்துவிட்டு வந்த ராத்திரி, சேர்த்துவைத்த அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டப்படும். “உன்னால நான் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியல, ஒரு சாவுக்குப் போக முடியல.” அவர் சொல்வது பொய்யில்லை. அவருக்கு அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள வேறு இடம் இல்லை.

அம்மாவின் ஆயுதம் வேறு. “இப்படியே பண்ணிக்கிட்டு இரு, திரும்ப அங்கேயே கொண்டுபோய் விட்டுடறேன்.” பயமுறுத்தித் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் சொல்வதுதான். பையன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் இடம் தற்காலிகமானது என்று அவன் புரிந்துகொள்கிறான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா வீடும் திரும்பத் தக்க வீடல்ல. சில பையன்களை முதலில் தெருவுக்குத் தள்ளியதே வீட்டின் அடியும் உதையும்தான். அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து பேருந்து நிலையத்தில் படுத்துப் பழகியவனை, ‘குடும்பத்தோடு சேர்த்துவிட்டோம்’ என்று அதே பெல்ட்டின் கீழ் விடுவதை மறுவாழ்வு என்று சொல்லக் கூடாது. அப்படிப்பட்டவனைப் பாட்டி வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ விடலாம். பொறுப்பான வேறொருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. யார் வீட்டில் விட்டால் பிள்ளை நிற்பான் என்று அவனையே கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் சொல்வான்.

குடும்பத்தின் தலையில் விழுந்த பாரம்

பையன் செய்த தவறின் செலவை வீடு முழுவதும் சேர்ந்து கட்டுகிறது. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவள் என்றால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் லீவு சொல்ல வேண்டும். மூன்றாவது லீவில் வேலை போய்விடும். கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்திலும் இல்லாததால், மகனைப் பார்க்கப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இலவசச் சட்ட உதவி உண்டு என்பது தெரியாமல், தெரிந்தாலும் நம்பிக்கை வராமல், கம்மலை அடகு வைத்துத் தனி வக்கீல் வைக்கிறார்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன், பையன் வீட்டுக்கு வந்த பிறகும் வாசலில் வந்து நிற்கிறது.

அக்காவுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால், விசாரிக்க வந்தவர்கள் தெருமுனைக் கடையிலேயே விஷயத்தைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தம்பியைப் பள்ளியில் “அவன் தம்பிதானே நீ” என்கிறார்கள். வீட்டு உரிமையாளர் காலி பண்ணச் சொல்கிறார். இவ்வளவையும் சுமந்துகொண்டிருக்கும் குடும்பத்திடம் “பிள்ளையிடம் அன்பாக இருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

பல குடும்பங்கள் கடைசியில் ஒரு வழி கண்டுபிடிக்கின்றன: ஊர் மாற்றுவது. திருப்பூரில் சித்தப்பா இருக்கிறார், பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுவார். கோயம்புத்தூரில் ஒன்றுவிட்ட அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். பழைய சேர்க்கையிலிருந்து பிரிப்பது சில பையன்களைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால், பதினெட்டு வயது ஆகாதவர்களை அபாயகரமான வேலைகளில் அமர்த்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிணையில் வந்தவன் வாய்தாவுக்கு வராமல் போனால் வழக்கு இன்னும் மோசமாகும். புது ஊரில் பேசுவதற்கு ஒருவர்கூட இல்லாத பிள்ளை, அங்கே முதலில் கிடைக்கும் சேர்க்கையைப் பிடித்துக்கொள்வான்.

பள்ளிக்கூடம், போலீஸ், ஏரியா அண்ணன்

வீட்டுக்கு வந்தவனுக்குக் காலை ஒன்பதரை மணிக்குப் போவதற்கு ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எல்லா ஆலோசனையும் வீண். பள்ளியோ, “நீண்ட நாள் வரவில்லை” என்று பெயரை நீக்கியிருக்கும். அல்லது “மற்ற பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள், நீங்களே டிசி வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பக்குவமாகச் சொல்லும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஐடிஐ பிரிவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. இந்த வழிகளைக் கையில் எழுதிக் கொடுத்து, விண்ணப்பம் நிரப்ப உடன் உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

சட்டம் இந்தப் பிள்ளைக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. அவன் பெயர், முகவரி, படம், படிக்கும் பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்று கேட்கும்போது காவல் துறை குறிப்பிடக் கூடாது. பெரியவராக விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களின் ஆவணங்கள், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். சுருங்கச் சொன்னால், புதிதாகத் தொடங்கு என்கிறது சட்டம். ஆனால், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவன் படம் ஏற்கெனவே போய்விட்டது. காவல் நிலையத்திலோ, எழுதாத பதிவேடு ஒன்று காவலர்களின் நினைவில் இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் பைக் காணாமல் போனால் முதலில் இவன் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. விநாயகர் சதுர்த்தி வந்தால், தேர்தல் வந்தால், “சும்மா ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ” என்கிறார்கள். தெரு பார்க்க ஜீப்பில் ஏற்றுகிறார்கள். அப்போதுதான் சேர்ந்திருந்த மெக்கானிக் கடை வேலை அன்றோடு போகிறது. தங்கள் பார்வையில் காவலர்கள் முன்னெச்சரிக்கை எடுக்கிறார்கள். வீட்டுக்கோ, மூன்று மாதம் பொறுமையாகக் கட்டிய நம்பிக்கை அரைமணி நேரத்தில் சரிகிறது.

இவனைத் தயக்கமே இல்லாமல் ஏற்கக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இல்ல வாசலுக்கே பைக்கில் வந்து பிரியாணி வாங்கிக் கொடுக்கும் ஏரியா அண்ணன் அவர்களில் ஒருவர். அவர் சந்தேகப்படுவதில்லை, சாவியை ஒளித்துவைப்பதில்லை, “நீ நம்ம தம்பிடா” என்கிறார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவனுக்குத் தண்டனை குறைவு என்ற கணக்கோடுதான் அந்தப் பாசம் வருகிறது. அது பையனுக்குத் தெரிய நாளாகும்.

தென்மாவட்டங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு, சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்கும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024-ல் அறிக்கையும் வந்தது. இப்படிப்பட்ட வழக்கில் இல்லத்துக்குப் போய் வரும் பையனை வீட்டார் வெட்கத்தோடு வரவேற்கலாம். சாதியின் பேரால் நடக்கும் கூட்டம் பெருமையோடு வரவேற்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அங்கே அவமானத்தைத் துடைப்பது முதல் வேலையாக இருக்க முடியாது. செய்தது என்ன, யாருடைய உடல் வெட்டுப்பட்டது, யாருடைய படிப்பு நின்றது என்பதை அவனுக்குப் புரியவைக்கும் வேலை முதலில் வர வேண்டும். பெற்றோரிடம் இதைப் பேச நல்ல மனம் மட்டும் போதாது, துணிச்சலும் வேண்டும்.

பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால், அவர்களில் சிலருக்கு வீட்டுக் கதவே திறப்பதில்லை. திறந்தாலும் படிப்பு முடிந்தது, கல்யாணம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதினாறு வயதில் ஒரு சட்டமீறலிலிருந்து மீண்டு, குழந்தைத் திருமணம் என்ற இன்னொரு சட்டமீறலுக்குள் தள்ளப்படுகிறார்கள்.

யாரும் நிரப்பாத பக்கம்

என்னை மிகவும் உறுத்துவது, இதில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை என்பதுதான். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016-ன் மாதிரி விதிகளில் ஏழாம் எண் படிவம் ஒன்று இருக்கிறது. இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்பட வேண்டிய தனிநபர் பராமரிப்புத் திட்டம் அது. நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி பிள்ளையின் விவரம், இரண்டாவது முன்னேற்றம், மூன்றாவது விடுவிப்பதற்கு முன்பான அறிக்கை. நான்காவது பகுதி வீடு திரும்பிய பிறகு நிரப்ப வேண்டியது.

அந்த நான்காம் பகுதியில் உள்ள கேள்விகளைப் படித்தால், எழுதியவருக்கு இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை தெரிந்திருக்கிறது என்று தோன்றும். குடும்பத்தின் மனப்பான்மை எப்படி இருக்கிறது? அக்கம்பக்கத்தார் எப்படி நடத்துகிறார்கள்? கற்ற தொழிலைப் பயன்படுத்துகிறானா? பள்ளியிலோ தொழிலிலோ சேர்ந்துவிட்டானா? முதலில் ஒருமுறை, பிறகு இரண்டாம் மாதத்தில், ஆறாம் மாதத்தில் என்று அவனைச் சந்தித்து எழுத வேண்டும்.

அந்தப் பக்கத்தை நிரப்ப ஒருவர் வீடு தேடிப் போக வேண்டும். போக வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். அவர்தான் பிள்ளை பிடிபட்ட இரண்டு வாரத்துக்குள் குடும்பப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்குத் தர வேண்டும். விசாரணை நாட்களில் குழுமத்தில் இருக்க வேண்டும். பிறகு கண்காணிப்பும் அவர் தலையில்தான். புதிய வழக்குகள் வந்துகொண்டே இருக்கும்போது, ‘முடிந்துபோன’ வழக்கின் பையன் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போவது கடைசி வேலையாகிவிடுகிறது. சிறார் நீதி அமைப்பில் காலியிடங்களை நிரப்பும்படி 2018-ல் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு, நிதி உதவி என்று 46-வது பிரிவு சொல்கிறது. ஆனால், அது பதினெட்டு வயது நிறைந்து வெளியேறுபவர்களுக்கு. பதினைந்து வயதில் வெளியேறுபவனுக்கு வீடு இருக்கிறது, வீடு பார்த்துக்கொள்ளும் என்பது சட்டத்தின் கணக்கு. அந்த வீட்டின் நிலைமை என்ன என்று மேலே பார்த்தோம். அதிக உதவி தேவைப்படும் வயதில்தான் அரசின் கை விலகிக்கொள்கிறது.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லப் பணியாளர்களே கைது செய்யப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு இல்லங்களைச் சீர்படுத்துவது பற்றி ஆராயவும் நீதிபதி சந்துருவையே அரசு கேட்டுக்கொண்டது. இல்லத்துக்குள் அடி விழக் கூடாது என்பது குறைந்தபட்ச நாகரிகம். அதைப் பேசியே தீர வேண்டும். அடிபட்ட பிள்ளைகள் அதே காயத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பெற்றோரிடம் அவர்கள் அதைச் சொல்வதில்லை. தம்பியின் மேல் கை ஓங்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

பாதிக்கப்பட்டவரும் அதே தெருவில்

இவ்வளவும் குற்றம் செய்தவனுக்காகவா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். செயின் பறிக்கப்பட்ட அம்மா, கை வெட்டுப்பட்ட மாணவன், செல்போனை இழந்த பெயின்டர் ஆகியோரை யாரும் இப்படி விசாரிப்பதில்லை. பல நேரம் அவர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். பையன் திரும்பி வந்தது அவர்களுக்குச் சொல்லப்படுவதுகூட இல்லை. ஒருநாள் மளிகைக் கடையில் எதிரே பார்த்து நடுங்குகிறார்கள்.

அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். அவர்கள் விரும்பினால் மட்டும், குழுமத்தின் சமூகப் பணியாளர் முன்னிலையில் இரு குடும்பமும் பேச இடம் அமைக்க வேண்டும். மன்னிப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால், அந்தப் பையன் இரண்டாம் முறை குற்றத்தில் இறங்கினால் அடுத்து பாதிக்கப்படுவதும் இப்படி ஒருவர்தான். அவன் வீட்டுக்குச் செய்யும் உதவி அந்த இன்னொருவரையும் காக்கிறது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, விடுவிப்பதற்கு முன் வீட்டைத் தயார்படுத்த வேண்டும். உத்தரவு வந்த அன்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் போதாது. நன்னடத்தை அலுவலரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநரோ ஒருமுறையாவது வீட்டுக்குப் போய், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். இருட்டில் தூங்கமாட்டான், வேகமாகச் சாப்பிடுவான், பேசமாட்டான், இது சில வாரங்களில் சரியாகும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், பல வீடுகளில் பாதிச் சண்டை நடந்திருக்காது. பிணையில் சீக்கிரம் வந்துவிடுபவர்கள் விஷயத்தில், வந்த ஒரு வாரத்துக்குள் இந்தச் சந்திப்பு நடக்க வேண்டும்.

அடுத்தது பணம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் நிதி ஆதரவாக ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி இருக்கிறது. வீடு திரும்பும் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஏழைச் சிறாருக்கு, குறைந்தது ஆறு மாதத்துக்கு இதே தொகையை மாநில அரசு தன் நிதியிலிருந்து தரலாம். பள்ளிக் கட்டணம், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். வாய்தாவுக்கு வரும் தாய்க்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவாகாது.

பள்ளி விஷயத்தில் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் ஒருவரை இதற்கென நியமித்து, விடுவிக்கப்பட்ட ஏழு நாட்களுக்குள் பள்ளி, ஐடிஐ, தனித்தேர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் சேர்க்கை நடக்கச் செய்யலாம். பிள்ளையின் கதை தலைமையாசிரியரோடு நிற்க வேண்டும்; டிசியில் உள்ள நடத்தைப் பகுதியில் அது ஏறக் கூடாது.

காவல் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். வீடு திரும்பிய சிறாரை விசாரிக்க வேண்டிய தேவை வந்தால் அந்த நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் மட்டும், சீருடை இல்லாமல், பெற்றோர் முன்னிலையில் பேச வேண்டும். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் முன்பு அள்ளிக்கொண்டு போகும் வழக்கம் சிறார் விஷயத்தில் நிற்க வேண்டும். காவல் துறை நடத்தும் சிறார் மன்றங்கள் பல பகுதிகளில் கேரம், கால்பந்து, டியூஷன் என்று நல்ல வேலை செய்கின்றன. ஏரியா அண்ணனுக்கு முன்பே இந்தப் பிள்ளைகளை அங்கே அழைத்துக்கொள்ளலாம்.

கஞ்சா, வலி மாத்திரைப் பழக்கத்தோடு உள்ளே போனவன், இடைவெளி விட்டு வெளியே வந்ததும் அதையே தேடுவான். அரசு மருத்துவமனையில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கென்று தனி நேரம் ஒதுக்கி, மனநல மருத்துவரிடம் முதல் சந்திப்பை விடுவிப்பு உத்தரவோடு சேர்த்தே குறித்துக் கொடுக்க வேண்டும். குடிக்கும் அப்பாவுக்கும் அங்கேயே சிகிச்சை தரலாம். பெற்றோருக்கு மாதம் ஒரு மாலை நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் கூடிப் பேச இடம் கிடைத்தால், தங்களைப் போன்ற இன்னும் பத்துக் குடும்பங்கள் இருப்பதே அவர்களுக்கு ஆறுதல்.

வீட்டார் தாங்களாகவே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அடிக்க வேண்டாம். திரும்ப அனுப்பிவிடுவேன் என்று சொல்ல வேண்டாம். இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும், போன் எவ்வளவு நேரம் என்பதை அவனோடு பேசி முடிவு செய்து, அதிலிருந்து அம்மாவும் அப்பாவும் மாறாமல் நிற்க வேண்டும். மளிகை வாங்கிவர, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று வீட்டில் அவனை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மிரட்டலோ தொந்தரவோ வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். வழக்குக்கு இலவச வக்கீல் வேண்டுமானால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 இருக்கிறது. கம்மலை அடகு வைக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கணக்கு. படிவம் ஏழின் நான்காம் பகுதி, இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும் நிரப்பப்பட்டுக் குழுமத்தின் மேஜைக்கு வராமல் எந்தக் கோப்பையும் மூடக் கூடாது. மாவட்டவாரியாக எத்தனை பிள்ளைகள் திரும்பினார்கள், எத்தனை வீடுகளுக்கு அலுவலர் போனார், எத்தனை பேர் பள்ளியிலோ தொழிலிலோ இருக்கிறார்கள், எத்தனை பேர் மறுபடி பிடிபட்டார்கள் என்ற நான்கு எண்களை, பெயர்கள் இல்லாமல், இல்லங்களை நடத்தும் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சென்னையிலும் திருநெல்வேலியிலும் கூடுதல் நன்னடத்தை அலுவலர்களை நியமித்து இந்த ஆண்டே தொடங்கலாம். அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கை விவாதத்தில் அந்த நான்கு எண்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டும்.